பதினெட்டுத் தொட்டிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

கேள்வி: என் மனைவிக்கு ஒரு வருடமாக மன அழுத்தம். டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறாள். தோட்ட வேலையும் ஓவியமும் மனதுக்கு மருந்து என்று உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன். மார்ச் மாதம் மொட்டை மாடியில் 18 தொட்டி வைத்துக் கொடுத்தேன். கேன்வாஸ், அக்ரிலிக் பெயின்ட் எல்லாம் வாங்கி, ஆன்லைன் ஓவிய வகுப்பிலும் சேர்த்துவிட்டேன். மாடியில் குழாய் கிடையாது. கீழேயிருந்து தினம் ஐந்து குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினால் போதும். அதற்குக்கூட அவளுக்கு மனசு இல்லை. செடியெல்லாம் காய்ந்துவிட்டது. கேன்வாஸ் கட்டைப் பிரிக்கவே இல்லை. இதெல்லாம் நிஜமாகவே பலன் தருமா, இல்லை வெறும் பத்திரிகைக் கதையா? தரும் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு இதையே முழுமூச்சாகச் செய்யச் சொல்லலாமா?

– பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஈரோடு

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தக் கூடாது. இந்த நோய்க்குக் கொடுக்கும் பல மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் என்று உடம்பு படுத்தும். அடங்கியிருந்த நோயும் திரும்பலாம். நன்றாகத் தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வதுதான் வழக்கம். எப்போது குறைப்பது, எப்படிக் குறைப்பது என்பதை டாக்டரும் உங்கள் மனைவியும் பேசி முடிவு செய்யட்டும். நீங்களும் நானும் அதில் வெளியாட்கள்.

அப்புறம், ‘மனசு இல்லை’ என்று குறைபட்டு எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அதற்குத்தானே மாத்திரை! பிடித்த பாட்டும் பிடிக்காமல், பிடித்த சாப்பாடும் இறங்காமல், எழுந்து பல் தேய்ப்பதே மலையாகத் தெரிகிற நோய் அது. காய்ச்சல்காரரைப் பார்த்து ‘உனக்கு ஏன் உடம்பு சுடுகிறது’ என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நம்மிடம் ஒரு சொல் குழப்பமும் இருக்கிறது. ஆபீசில் மேலதிகாரி கத்தினாலும் மன அழுத்தம் என்கிறோம், மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தாலும் மன அழுத்தம் என்கிறோம். இரண்டாவதை மனச்சோர்வு என்று தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டம், ஓவியம் பற்றி அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகள் சில முதல் வகையைப் பற்றியவை. எங்கள் கட்டுரை அந்த வித்தியாசத்தைச் சொல்லவில்லை. தலைப்பில் ‘மருந்து’ என்ற சொல்லைப் போட்டது நான்தான். அந்தப் பழியை ஏற்றுக்கொள்கிறேன்.

அந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? நெதர்லாந்தில் 2011-இல் வெளியான ஒன்றில் 30 பேருக்கு முதலில் சிரமமான ஒரு வேலையைக் கொடுத்து அலைக்கழித்தார்கள். பிறகு பாதிப் பேர் அரைமணி நேரம் தோட்டத்தில் வேலை செய்தார்கள், மீதிப் பேர் உள்ளே உட்கார்ந்து படித்தார்கள். கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் இரு தரப்புக்கும் குறைந்தது, தோட்டக்காரர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 30 பேரும் ஏற்கெனவே சொந்த ஆசையில் தோட்டம் போட்டவர்கள். யாரும் அவர்கள் தலையில் 18 தொட்டியை இறக்கவில்லை.

அமெரிக்காவில் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, காகித ஒட்டுவேலை என்று விருப்பம்போல் எதையாவது செய்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் கார்ட்டிசால் இறங்கியது. ஏற்கெனவே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு அதில் பெரிதாக இல்லை. மீதிக் கால்வாசிப் பேருக்கு இறங்கவில்லை என்பதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. நீங்கள் மனைவியை வகுப்பில் சேர்த்திருக்கிறீர்கள். வகுப்பு என்றால் வீட்டுப்பாடம், முடிந்த படத்தைக் குழுவில் போடு, அடுத்தவர் படத்தைப் பார். எழுந்து நிற்கவே தெம்பில்லாதவரைப் பரீட்சைக்கு அனுப்பியது போலத்தான் இது. ‘மண்ணில் ஒரு பாக்டீரியா இருக்கிறது, அது மகிழ்ச்சியைத் தரும்’ என்று ஒரு செய்தியும் சுற்றுகிறதே, 2007-இல் வந்த அந்த ஆய்வு எலிகள் மேல் நடந்தது.

மனச்சோர்வு உள்ளவர்களை வைத்தே நார்வேயில் ஒரு முயற்சி நடந்தது. 12 வாரம் பண்ணைக்கு வரவழைத்து, குழுவாகத் தோட்ட வேலை செய்யவைத்தார்கள். சோர்வு குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாததால், குறைத்தது செடியா, கூட இருந்த மனிதர்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கூட இருந்த மனிதர்கள்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி உங்கள் ஐந்து குடத்துக்கு வருவோம். ஒரு குடம் 15 லிட்டர் என்றால் ஐந்து குடம் 75 கிலோ. சித்திரை வெயிலில், ஈரோட்டில், தினமும், படியேறி! ‘போதும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, ஒரு வாரம் நீங்கள் சுமந்து பார்த்தீர்களா? அதுவும் மார்ச்சில் தொடங்கியிருக்கிறீர்கள். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று சொன்ன ஊரில் பங்குனியில் கான்கிரீட் தரைமேல் தக்காளி வைத்தால் பரம்பரை விவசாயிக்கே மனம் சோர்ந்துவிடும். தானே நட்ட செடி தன் கண்முன் சாவதைப் பார்ப்பது, ‘என்னால் ஒன்றும் ஆகாது’ என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருப்பவருக்கு நல்லதல்ல.

இந்த விஷயத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1812-இல் எழுதிய மனநோய் நூலில், ஆஸ்பத்திரியில் விறகு வெட்டி, தோட்டம் கொத்தும் ஏழை நோயாளிகள் பலர் தேறிவிடுகிறார்கள், அந்தஸ்து காரணமாக வேலை செய்யாத பெரிய மனிதர்கள் அப்படியே வாடிக்கிடக்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். நல்ல கவனிப்புதான். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு மேலைநாட்டு மனநோய் விடுதிகள் பல தங்கள் பண்ணையையும் சமையலறையையும் சலவையையும் நோயாளிகளை வைத்தே நடத்தின, கூலி இல்லாமல். பெயர் என்னவோ சிகிச்சை. 1973-இல்தான் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, நோயாளிகள் செய்யும் வேலைக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என்றது. நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் மனநல நிலையங்களில் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, செய்த வேலைக்குத் தக்க ஊதியம் தர வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் மொட்டை மாடி வரை வராது. தப்பித்தீர்கள்.

கிண்டலை விடுங்கள். பலன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஊன்றுகோல் அளவுக்கு. எப்படி என்பதுதான் சுவாரசியமான இடம். மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால், இந்த நோயில் மனம் வருவதே இல்லை. அதனால் சிறிதாக ஏதாவது செய்துவிட்டு, மனம் பின்னால் வருகிறதா என்று பார்ப்பது ஒரு சிகிச்சை முறை. 2016-இல் இங்கிலாந்தில் மனச்சோர்வு உள்ள 440 பேரிடம் செய்து பார்த்ததில், அதிகம் படித்த நிபுணர்கள் தரும் பேச்சு சிகிச்சைக்கு இது சளைத்ததில்லை என்று தெரிந்தது. இதில் இரண்டு நிபந்தனை: செய்கிற காரியம் அவருக்கு ஒரு காலத்தில் பிடித்ததாக இருக்க வேண்டும், செய்து முடிக்கிற அளவுக்குச் சின்னதாகவும் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் தொட்டி எத்தனை என்று இருக்கிறது, பெயின்ட் என்ன வகை என்று இருக்கிறது. உங்கள் மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை.

மட்டக்களப்பில் போர்க்காலத்தில், 1996-இல், வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் பால் ஹோகன் என்ற கனடா ஓவியரும் அதில் முன்னின்றவர்கள். போரைக் கண்ணால் பார்த்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து மண்ணைப் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், செடி கொடிகளோடு பொழுதைக் கழித்தார்கள். வாரத்தில் ஒரு நாள், அப்படியே மாதக்கணக்கில். கூடவே விளையாட பெரியவர்கள் இருந்தார்கள். உங்கள் மாடியில் இல்லாமல் போனது அதுதான்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிட வேண்டும். வான்கோ 1889 மே மாதம் பிரான்சில் மனநோய் விடுதியில் தானே போய்ச் சேர்ந்தவர். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அங்கிருந்த தோட்டத்து ஐரிஸ் பூக்களை வரைந்தார். ஓராண்டில் சுமார் 150 ஓவியம். தோட்டமும் தூரிகையும் அவரைவிட யாருக்கு அதிகம் வாய்த்தது? மறு ஆண்டு ஜூலையில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஆகவே ‘வாழ்ந்து என்ன பயன்’ என்கிற மாதிரி உங்கள் மனைவி ஒரு வார்த்தை சொன்னாலும், அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ராத்திரி நேரமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது, எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஓவிய வகுப்பை நிறுத்துங்கள். முன்பு அவர் வாசலில் கோலம் போடுவாரா, துணியில் பூ வேலை செய்வாரா, சும்மா நோட்டில் கிறுக்குவாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கோலமும் கடமையாகிப்போன வீடுகள் உண்டு, அப்படியென்றால் அதையும் விட்டுவிடுங்கள். செடி விஷயத்தில் இரண்டு தொட்டி போதும், அதுவும் அவர் சரி என்றால். மாடி வேண்டாம், சமையலறை ஜன்னல் ஓரம். வெந்தயம் தூவினால் மூன்று நான்கு நாளில் முளை தெரிந்துவிடும், தக்காளி போல மாதக்கணக்கில் காக்கவைக்காது. அவர் ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் நீங்கள் ஊற்றுங்கள், ஊற்றியதைச் சொல்லிக்காட்டாமல்.

மிச்சமிருக்கும் தொட்டிகளை வீணடிக்க வேண்டாம். காய்ந்த வேர்களைப் பிடுங்கிவிட்டு மண்ணைக் கொட்டிக் கிளறி, நாலு நாள் வெயிலில் போட்டு, மண்புழு உரம் கலந்து வைத்தால் ஆடிக்குத் தயாராகிவிடும். கொட்டிக் கிளறுவது நீங்கள். குடமும் நீங்களே.