எட்டாம் கேள்வி ஏன் ஒட்டவில்லை

ஸ்மார்ட்போன் அடிமைத்தன அளவுகோலின் பத்துக் கேள்விக் குறுவடிவத்தைப் பாரசீகத்துக்குக் கொண்டுவந்தீர்கள், திரும்ப மூலமொழிக்கு மாற்றிப் பார்த்த மறுமொழிபெயர்ப்பும் சரியாகவே வந்தது, ஆனால் தெஹ்ரான் மாணவர்களிடம் எட்டாவது கேள்வி மட்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லை என்கிறீர்கள். சொல்லில் பிழை தேடாதீர்கள். ட்விட்டர், ஃபேஸ்புக்கில் அடுத்தவர் பேச்சைத் தவறவிடக் கூடாதென்று போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதைக் கேட்கிறது அது. இரண்டும் ஈரானில் 2009 முதல் முடக்கம், வி.பி.என். இல்லாமல் திறக்காது. 'இல்லவே இல்லை' என்று குறித்த பையன் ராத்திரி இரண்டு மணி வரை இன்ஸ்டாகிராமில் கிடப்பவனாக இருக்கலாம். (அதுவும் முடக்கம்தான். ஆனால் ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.) 'சமூக வலைத்தளங்களில்' என்று பொதுவாக மாற்றுங்கள். எட்டுப் பத்துப் பேரை உட்காரவைத்து, என்ன புரிந்தது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு புதுக் குழுவிடம், எந்தக் கேள்விகள் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று பார்க்கும் காரணி ஆய்வை மறுபடி ஓட்டுங்கள்.

அப்புறம், கேள்வித்தாளின் தலைப்பில் 'எதியாத்' (பாரசீகத்தில் 'அடிமைத்தனம்') என்றா போட்டிருக்கிறீர்கள்? அங்கே அந்தச் சொல் அபின், ஹெராயினோடு ஒட்டிப் பிறந்தது, பார்த்ததுமே ஆள் உஷாராகிவிடுவார். 'கைப்பேசிப் பயன்பாடு' போதும்.

மொத்த மதிப்பெண் எதைத் தாண்டினால் அடிமைத்தனம் என்று கொள்ளும் வெட்டுப்புள்ளி (ஆண்களுக்கு 31, பெண்களுக்கு 33) தென்கொரியப் பதின்வயதினரிடம் எடுத்தது. அதை உங்கள் மாணவர்கள் மேல் அப்படியே வைக்காதீர்கள்.