பௌச் ஆபரேஷனுக்குப் பிறகு கரு நிற்கவில்லை (குடியாத்தம்)

பௌச் ஆபரேஷன் ஆன உங்கள் மனைவி இனி கர்ப்பம் ஆக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகலாம். பரம்பரைப் பாலிப் நோய்க்காக (பெருங்குடலில் ஏராளமான சிறு கட்டிகள் வளரும் நோய்) பெருங்குடலை எடுத்து, சிறுகுடலில் பை (பௌச்) தைத்ததால் அவருடைய கருப்பையோ முட்டையோ கெடுவதில்லை. மாதவிடாய் ஒழுங்காக வந்தும் இரண்டு வருடமாகக் கரு நிற்கவில்லை என்றால் முதல் சந்தேகம் கருக்குழாய்தான். இடுப்புக்குள் புண் ஆறும்போது தழும்புத் திசு ஒட்டி, குழாயை மடக்கும் அல்லது அடைக்கும். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் இது அதிகம், லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி ஆபரேஷன்) குறைவு.

குழாயில் அடைப்பு உண்டா என்று காட்டும் எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே எடுங்கள், உதிரம் நின்றபின், மாதவிடாய் தொடங்கியதிலிருந்து பத்தாம் நாளுக்குள். அதற்கும் முன்னால் உங்கள் விந்துப் பரிசோதனை, விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு. (இதைத் தள்ளிப்போட்டு மனைவியை மட்டும் அலையவிடுபவர்கள்தான் அதிகம்.) இரு குழாயும் அடைப்பென்றால் மாத்திரையில் காலம் கடத்தாதீர்கள். ஐ.வி.எஃப்.புக்கு (வெளியே ஆய்வகத்தில் கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் முறை) குழாய் தேவையில்லை.

ஒட்டலைப் பிரிக்க மறு ஆபரேஷன் என்றால், குடல் சர்ஜனைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். இந்த நோயில் கத்தி பட்ட இடத்தில் டெஸ்மாய்டு என்ற நார்த்திசுக் கட்டி வரலாம்.

குழந்தைக்கும் இந்த நோய் வர 50 சதவீத வாய்ப்பு. அது இருக்கிறதா என்று ஐ.வி.எஃப். கருவைச் சோதிக்க விரும்பினால், இந்த நோய்க்குக் காரணமான ஏ.பி.சி. மரபணுவில் மனைவிக்கு எந்த மாற்றம் என்ற ரிப்போர்ட் முதலில் கையில் வேண்டும். மரபணு ஆலோசனை வேலூர் சி.எம்.சி.யிலேயே உண்டு.