பேக்கப் எடுத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை நான்கு பேர் சேர்ந்து நடத்துகிறோம். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். தினமும் இரவு கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கருவி) வழியாக பிஜி டம்ப் (டேட்டாபேஸை ஃபைலாக நகலெடுக்கும் கருவி) ஓடுகிறது, ஒரு ரெப்ளிகாவும் (முதன்மை சர்வரின் மாற்றங்களை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும் நகல் சர்வர்) இருக்கிறது. இது போதுமா?

பதில்: அந்த டம்ப்பைக் கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து, அதாவது அதிலிருந்து டேட்டாபேஸை மீட்டு, பார்த்தீர்கள்? ஒருமுறைகூட இல்லை என்றால், போதாது.

2017 ஜனவரி 31 அன்று, டெவலப்பர்களின் கோடைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை எல்லா டெவலப்பர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அறுந்துபோன ரெப்ளிகாவைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், ரெப்ளிகாவின் டேட்டா ஃபோல்டரை அழிப்பதாக நினைத்து பிரைமரியில் (முதன்மை சர்வரில்) அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. சரி, பேக்கப் இருக்குமே என்று தேடினால், அதை வைக்கும் எஸ்3 பக்கெட் (அமேசான் கிளவுட் சேமிப்பிடம்) காலி. சர்வர் 9.6 பதிப்பு, பேக்கப் எடுத்த பிஜி டம்ப்போ 9.2, தன்னைவிடப் புதிய சர்வரை அது தொடவே தொடாது. தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள், போலி அஞ்சலைத் தடுக்கும் டிமார்க் சோதனையில் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டிஸ்க்கின் நகல்) காப்பாற்றியது. மீட்புப் பணியை அவர்கள் யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்த நேர்மையால்தான் இவ்வளவு விவரமும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கு வருவோம். பிஜி டம்ப்பின் வெளியீட்டை பைப் வழியாக, ஃபைலைச் சுருக்கும் ஜிஸிப்புக்கு அனுப்புகிறீர்களா? அப்படியானால் டம்ப் தோற்றாலும் ஜிஸிப் வெற்றி என்றே சொல்லும், கிரானும் அதையே நம்பும். ஃபோல்டரில் அன்றைய தேதியோடு வெறும் 20 பைட் ஃபைல் ஒன்று உட்கார்ந்திருக்கும். பாஷ் ஸ்கிரிப்ட்டில் பைப்ஃபெயிலை (பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று சொல்லும் அமைப்பு) போடுங்கள், ஃபைலின் அளவையும் சோதியுங்கள். தோற்றால் தகவல் வரட்டும் என்று விடாதீர்கள்; வெற்றிச் செய்தி காலைக்குள் வராவிட்டால் வேறொரு இடத்திலிருந்து அலாரம் அடிக்கும்படி வையுங்கள். சர்வரே படுத்துவிட்டால் தோல்விச் செய்தியை யார் அனுப்புவது?

ரெப்ளிகாவை பேக்கப் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிரைமரியில் ஒரு டேபிளை டிராப் செய்தால் அடுத்த கணமே அங்கேயும் போய்விடும். ஹார்டுவேர் பழுதுக்குத்தான் அது கைகொடுக்கும். டம்ப்பின் ஒரு பிரதியாவது வேறு கிளவுட் அக்கவுண்ட்டில் இருக்கட்டும், அதை அழிக்கும் அனுமதி உங்கள் சர்வருக்கு இருக்கக் கூடாது.

அப்புறம், ரீஸ்டோர். வாரம் ஒருமுறை புது மெஷினில் டம்ப்பை ஏற்றி, பில் டேபிளின் கடைசி வரியின் தேதியைப் பார்க்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிடுங்கள். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் போன் செய்து கேட்கும்போது அந்த எண்தான் உங்கள் பதில்.

இரவு ஒரு டம்ப் மட்டும் என்றால், மாலை 6 மணிக்கு விபத்து நடந்தால் அன்றைய பில்கள் மொத்தமும் போச்சு. ஜிஎஸ்டி கணக்கு காட்ட வேண்டிய கடைக்காரருக்கு அது பெரிய அடி. அதனால் வால் (WAL) ஆர்க்கைவிங்கையும், அதாவது டேட்டாபேஸின் ஒவ்வொரு மாற்றத்தையும் குறிக்கும் பதிவேட்டைத் தொடர்ந்து சேமித்துவைப்பதையும், இயக்குங்கள். அதற்கு டம்ப் உதவாது, பிஜி பேஸ்பேக்கப் (டேட்டா ஃபைல்களை அப்படியே நகலெடுக்கும் பேக்கப்) தனியாக எடுக்க வேண்டும். அது இருந்தால் விபத்துக்கு முந்தைய நிமிடம் வரை மீட்கலாம். ஆனால் ரீஸ்டோர் சோதனையை இந்த வாரமே முடித்துவிட்டு இதற்கு வாருங்கள்.