மனச்சோர்வு திரும்பாமல் தடுக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் சிகிச்சை: கேள்வி பதில்

கே: மனச்சோர்விலிருந்து மீண்டுவிட்டேன். நன்றாக இருக்கும்போது எதற்குச் சிகிச்சை?

ப: நன்றாக இருக்கும்போது செய்வதற்காகவே உருவானது எம்.பி.சி.டி., அதாவது மைண்ட்ஃபுல்னெஸ் சார்ந்த அறிவாற்றல் சிகிச்சை. மைண்ட்ஃபுல்னெஸ் என்றால் மூச்சு, உடல், எண்ணம் எதுவானாலும் அந்தந்தக் கணத்தில் எடைபோடாமல் கவனிப்பது. பலமுறை மனச்சோர்வு வந்தவருக்குச் சின்ன வாட்டமே பழைய எண்ணங்களைக் கிளறிவிடப் போதும். நண்பருக்குச் செய்தி அனுப்புகிறீர்கள். பார்த்துவிட்டார், பதில் இல்லை. 'என்னைத் தவிர்க்கிறார்', 'யாருக்குத்தான் என்னைப் பிடிக்கும்', 'எப்போதுமே இப்படித்தான்' என்று பத்து நிமிடத்தில் மனம் எங்கோ போய்விடும். ஏன் இப்படி ஆனேன் என்று அலசி அலசியே சோர்வு முற்றும். அந்த எண்ணங்களோடு வாதாடச் சொல்வதில்லை இந்தப் பயிற்சி. பழைய ரெக்கார்டு ஓட ஆரம்பித்துவிட்டது என்று தொடக்கத்திலேயே கண்டுகொள்ளப் பழக்குகிறது. அமெரிக்காவில் ஜான் கபாட்-ஸின் 1979இல் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் வழி மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியோடு, எண்ணப் போக்குகளைக் கையாளும் அறிவாற்றல் சிகிச்சையை இணைத்து சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் மூவரும் இதை உருவாக்கினார்கள். வாரம் ஒரு வகுப்பு, எட்டு வாரம், குழுவாக. வீட்டிலும் பயிற்சி உண்டு, அதில்தான் பலர் நழுவுகிறார்கள்.

கே: உலர்திராட்சை தின்னச் சொல்வார்களாமே?

ப: ஆமாம், கவனிக்கப் பழகுவதற்காக. ஒன்றே ஒன்று. உள்ளங்கையில் வைத்துச் சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்துக் கடிக்காமல் காத்திருந்து, அப்புறம்தான் மெல்ல வேண்டும். சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

கே: எனக்கு இரண்டு முறைதான் வந்தது. பயன்படுமா?

ப: 2000இல் வெளியான முதல் பெரிய ஆய்வில் மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களுக்கே தெளிவான பலன். அவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு திரும்பியது, பயிற்சி பெற்றவர்களில் 40 சதவீதம். இரண்டு முறை வந்தவர்களிடம் அப்படி வித்தியாசம் தெரியவில்லை.

கே: சேர்ந்ததும் மாத்திரையை விட்டுவிடலாமா?

ப: நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரோடு பேசி, படிப்படியாகத்தான்.

கே: தினமும் தியானம் செய்கிறேன், மாத்திரையைப் பாதியாக்கலாமா?

ப: மேலே பார்க்கவும்.

கே: மாத்திரை தேவையில்லை என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த 2015 ஆய்வே நிரூபித்துவிட்டது. ஏன் மறைக்கிறீர்கள்?

ப: எதையும் மறைக்கவில்லை. 424 பேர், இரண்டு ஆண்டு. எம்.பி.சி.டி.யோடு, மருத்துவத் துணையுடன் மாத்திரையைக் குறைத்தவர்களில் 44 சதவீதத்தினருக்கும், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும் திரும்பியது. மாத்திரையைவிட இது மேல் என்று காட்டத்தான் ஆய்வே நடந்தது. காட்ட முடியவில்லை.

கே: 44 குறைவுதானே?

ப: தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் அது. 'மருத்துவத் துணையுடன்' என்பதை மட்டும் எல்லோரும் வசதியாகத் தாண்டிவிடுகிறீர்கள்.

கே: (இன்னொருவர்) அப்படியானால் மாத்திரையே போதும். எதற்கு உட்கார்ந்து மூச்சைப் பார்க்க வேண்டும்?

ப: இப்போது நீங்களா! நீண்ட காலம் மாத்திரை சாப்பிட விரும்பாதவர்கள், பக்கவிளைவு தாங்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நம்பத்தகுந்த இன்னொரு வழி. மாத்திரைக்கு எதிரான கட்சி என்று யாரும் தொடங்கவில்லை.

கே: கண்ணை மூடினால் பழைய சம்பவம் வந்து படபடக்கிறது.

ப: கண்ணைத் திறந்துகொள்ளுங்கள். பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம், பயிற்றுநரிடம் சொல்லுங்கள்.

கே: படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. வாழவும் பிடிக்கவில்லை. சேரலாமா?

ப: வகுப்பு அப்புறம். இன்றே மனநல மருத்துவரையோ அவசரப் பிரிவையோ பாருங்கள். தனியாக இருக்காதீர்கள், பக்கத்தில் உள்ள ஒருவரிடம் இதை அப்படியே சொல்லி உடன் அழைத்துப் போங்கள்.

கே: எட்டு வாரம் முடிந்ததும் மாத்திரையை...

ப: மருத்துவரிடம் கேளுங்கள்.