ஃபாரோ தீவுகளின் முதல் பிரிவு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபாரோ தீவுகளின் கால்பந்து லீக்கைத் தொடர்ந்து பார்த்துவருவதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். மொத்தம் 54,000 பேர் வாழும் நாட்டில் முதல் பிரிவில் மட்டும் பத்து அணிகள். அந்தப் பத்தும் ஒன்றோடொன்று மும்மூன்று முறை மோதி 27 சுற்றுகளை முடிக்கின்றன. வீரர்களில் பலர் தச்சர்கள், ஆசிரியர்கள், மின்பணியாளர்கள். தலைநகரின் ஹெச்.பி. கழகம் மட்டுமே 24 முறை வென்றிருக்கிறது. சிறியவர்கள் மீது நமக்கு இயல்பாகவே வரும் பரிவைத்தான் நீங்கள் ரசனை என்று எண்ணிக்கொள்கிறீர்களோ என்று தோன்றுகிறது. தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மன்னிப்புக்கு இடமில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். ஆட்டத்தின் தரத்தைப் பற்றி உங்களுடன் வழக்காட மாட்டேன். அட்லாண்டிக் காற்று பந்தை இழுத்துக்கொண்டு போகும் மாலைகளில் நான்கு பாஸ்கள் தொடர்ச்சியாகச் சேர்ந்தால் பெரிய விஷயம். கோல் கிக்காக உதைத்த பந்து எழும்பி, நின்று, உதைத்தவரை நோக்கியே திரும்பி வருவதை ஒருமுறை கணினித் திரையில் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பரிவு என்ற சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்தப் போட்டி தொடங்கியது 1942இல். தீவுகளை ஆண்ட டென்மார்க்கை ஜெர்மனி பிடித்திருந்தது. ஃபாரோ தீவுகளில் பிரிட்டிஷ் படை நின்றது. டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனோடு தொடர்பு அறுந்து, தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்ட ஒரு சமூகம் அந்த நேரத்தில்தான் தனக்கென ஒரு தேசியச் சாம்பியன் பட்டத்தை ஏற்படுத்திக்கொண்டது. முதல் ஆண்டு கிளாக்ஸ்விக் ஊரின் கே.ஐ. வென்றது, மறு ஆண்டு தெற்குத் தீவான சுதுரோயின் டி.பி. வென்றது. 1944இல் போட்டி நடக்கவில்லை. குண்டு வீச்சோ பஞ்சமோ காரணமல்ல. போர்க்காலத் தட்டுப்பாட்டில் ஆடுவதற்குப் பந்து இல்லை. பட்டியலில் அந்த ஆண்டுக்கு நேரே உள்ள வெற்றிடம் 24 பட்டங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆட ஆட்கள் இருந்தார்கள், மைதானம் இருந்தது, பகை கூட இருந்தது. பந்து மட்டும் இல்லை. அடுத்த ஆண்டே மீண்டும் தொடங்கிவிட்டார்கள்.

பத்து அணிகள் அதிகம் என்கிறீர்கள். கணக்குப் போட்டால் ஓர் அணிக்கு ஐயாயிரத்துச் சொச்சம் பேர். கிளாக்ஸ்விக்கின் மக்கள்தொகையே ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் அங்கே கழகம் என்பது மக்கள்தொகையை வகுத்து உண்டாக்கியதல்ல. ஒவ்வொரு ஊரும் தன் கழகத்தைத் தானே எழுப்பி, முடிந்தவரை இழுத்துப் பிடித்து, ஆள் பற்றாத கட்டத்தில் பக்கத்து ஊரோடு மனமில்லாமல் சேர்ந்திருக்கிறது. 'இ.பி./ஸ்ட்ரேய்முர்' என்ற அணியின் பெயரில் இருக்கும் சாய்கோட்டைப் பாருங்கள். 1993இல் இரண்டு கழகங்கள் இணைந்தன. பெயரை விட்டுக்கொடுக்க இருவருமே தயாராக இல்லாததுபோல் அந்தக் கோடு இன்றும் நிற்கிறது. நம் ஊர்களில் இரண்டு கோயில் கமிட்டிகளை ஒன்றாக்க முயன்றவர்களுக்கு இது எளிதில் புரியும். அந்தச் சாய்கோட்டு அணி 2008இலும் 2012இலும் பட்டம் வென்றது. அதே 2008இல், ஆறு முறை சாம்பியனான யோட்டா ஊரின் கழகம் லேய்ர்விக் கழகத்தோடு சேர்ந்து விகிங்குர் என்று புதுப்பெயர் பூண்டது.

இன்னொரு ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். பெரிய கழகங்களின் இரண்டாம் அணிகள் இரண்டாம் பிரிவில் ஆடுகின்றன. எவ்வளவு வென்றாலும் முதல் பிரிவுக்கு அவை ஏற முடியாது. அதற்கும் கீழே மூன்றாம் அணிகள். ஆகவே முதல் பிரிவில் இடம் இழந்த முப்பத்தைந்து வயதுக்காரர் கழகத்தை விட்டுப் போவதில்லை. ஒரு படி இறங்கி, அதே சட்டையில், பதினேழு வயதுப் பையன்களோடு ஆடுகிறார்.

வேலைக்குப் போகும் வீரர்கள் என்பதை நீங்கள் குறையாகச் சொன்னீர்கள். 1990 செப்டம்பர் 12 அன்று ஃபாரோ தன் முதல் யூரோ கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தில் ஆஸ்திரியாவை 1–0 என்று வென்றது. சொந்த மண்ணில் தகுதியான புல்தரை இல்லாததால், 'சொந்த மைதான' ஆட்டத்தை ஸ்வீடனின் லான்ஸ்க்ரோனாவில் ஆட வேண்டியிருந்தது. குஞ்சம் வைத்த வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு கோலைக் காத்த யென்ஸ் மார்ட்டின் குனுட்சன் மீன் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். கோல் அடித்த டோர்கில் நீல்சன் மர வியாபாரத்தில் இருந்தவர். தன் நாட்டுக்காகச் சதுரங்க ஒலிம்பியாடிலும் ஆடியவர் என்பது நம் சென்னை வாசகர்களுக்குப் பிடிக்கும். இவர்கள் அத்தனை பேரையும் தயாரித்தது நீங்கள் ஐயப்படும் இந்த லீக்தான்.

அதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். 2023 ஜூலையில் நடந்ததை அப்படித் தள்ள முடியாது. சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷைச் சொந்த ஊரில் 0–0 என்று நிறுத்திய கே.ஐ., புடாபெஸ்டுக்குப் போய் 3–0 என்று வென்றது. அடுத்த நாளே ஹங்கேரிக்காரர்கள் தங்கள் பயிற்சியாளரை நீக்கினார்கள். பிறகு ஸ்வீடனின் ஹேக்கனையும் பெனால்ட்டியில் தாண்டி, அடுத்த சுற்றுகளில் தோற்றாலும், ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கழகப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் குழுச் சுற்றை எட்டிய முதல் ஃபாரோ கழகமானது. அங்கே பிரான்ஸின் லீலுடன் 0–0, ஸ்லோவேனியாவின் ஒலிம்பியாவுக்கு எதிராக 3–0. அந்த ஆட்டங்களைத் தலைநகர் தோர்ஷாவ்னில்தான் நடத்த முடிந்தது. 2006 வரை கிளாக்ஸ்விக்கிலிருந்து தலைநகருக்கு வரப் படகு ஏற வேண்டும். இப்போது கடலுக்கடியிலான இரண்டு சுரங்கப்பாதைகள் வழியாகக் காரிலேயே வந்து, ஆட்டம் பார்த்துவிட்டு, இரவே வீடு திரும்பிவிடலாம். சுதுரோய்க்கு மட்டும் இன்னும் சுரங்கம் இல்லை. அங்கே வெளியூர் ஆட்டம் என்றால் ஸ்மீரில் என்ற கப்பலில் இரண்டு மணி நேரம்.

என் ஐயம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் குழுச் சுற்றை எட்டியதற்கு மட்டுமே ஒரு கழகத்துக்கு ஏறத்தாழ 29 லட்சம் யூரோ கிடைத்தது. தன்னார்வலர்கள் டிக்கெட் கிழிக்கும் ஒரு லீக்கில் அது ஒரே கழகத்தின் கணக்கில் விழுந்தால் மற்ற ஒன்பது என்ன ஆகும்? கே.ஐ. 2021, 2022, 2023 என்று தொடர்ந்து வென்றபோது, இனி முடிவு தெரிந்த கதைதான் என்று நானும் எண்ணினேன். 2024இல் பட்டத்தை விகிங்குர் எடுத்துச் சென்றது. அதை வைத்து நிம்மதி அடைந்துவிட முடியாது. ஒரு கழகம் ஆண்டுதோறும் ஐரோப்பியப் பணத்தை வாங்கினால் அடுத்த ஊரின் நல்ல இளைஞனை அது வாங்கிவிடும், அதைத் தடுக்க விதி எதுவும் போதாது. உங்கள் கடிதம் இதைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

பருவம் மார்ச்சில் தொடங்கி அக்டோபர் வரை நீளும். ஓர் ஆட்டம் பார்க்க மனம் வந்தால் ஹெச்.பி.யும் பி36உம் மோதுவதைப் பாருங்கள். இரண்டும் தோர்ஷாவ்னின் குண்டடாலூரிலேயே குடியிருப்பவை. வெளியூர் அணி என்று யாரையும் சொல்ல முடியாது. அவர்களுடைய மாலை நமக்கு இரவு. தேநீர் போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். காற்று அடித்தால் இரண்டாவது கோப்பையும் தேவைப்படும்.