‘ரிச் வித்’தா, ‘ரிச் இன்’னா?

மன்னார்குடிப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகி எழுதியிருக்கிறார். பாரம்பரிய அரிசியை வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறார்களாம். ஆங்கிலக் கடிதமெல்லாம் இவர் பொறுப்பு. கருப்புக் கவுனி பற்றிச் சிங்கப்பூர்க் கடைக்கு எழுதிய கடிதத்தில் ‘ரிச் வித் அயர்ன்’, ‘டிஃபரன்ட் தேன் பொன்னி’, ‘சூட்டபிள் டு கஞ்சி’, ‘வி ஆர் ரெஸ்பான்சிபிள் ஆஃப் தி குவாலிட்டி’ என்று நாலு இடங்கள். மேலாளர் நாலையும் அடித்துத் திருத்திவிட்டார். ஏன் சார் என்று கேட்டதற்கு, “காதுக்கு அப்படித்தான் வருது” என்றாராம். காதுக்கு வராதவர்கள் என்ன செய்வது, விதி எதுவும் இல்லையா என்பது கேள்வி. கடிதத்தின் நகலையும் கூடவே அனுப்பியிருக்கிறார்.

மேலாளருடைய காது நல்ல காதுதான். ரிச் இன், டிஃபரன்ட் ஃப்ரம், சூட்டபிள் ஃபார், ரெஸ்பான்சிபிள் ஃபார். இதில் ‘டிஃபரன்ட் தேன்’ மட்டும் முழுத் தப்பு இல்லை. அமெரிக்கர்கள் அப்படி எழுதுகிறார்கள். பேச்சில் ‘டிஃபரன்ட் டு’ என்று சொல்லும் ஆங்கிலேயர்களும் உண்டு. ஆனால் ‘ஃப்ரம்’ போட்டால் எந்த ஊர்க்காரரும் முகம் சுளிக்க மாட்டார். வியாபாரக் கடிதத்துக்கு அதுதான் பத்திரம்.

விதி என்று கேட்டால், எல்லாவற்றையும் கட்டிப்போடும் ஒரு விதி கிடையாது. இன், ஃபார், டு போன்ற பிரிபொசிஷன்களில் எது வர வேண்டும் என்பதை ரிச், சூட்டபிள் போன்ற அந்தந்த அட்ஜெக்டிவ்தான் முடிவு செய்கிறது. இது அநியாயமாகத் தோன்றினால் நம் தமிழைக் கொஞ்சம் பாருங்கள். தம்பி மேல் கோபம் என்கிறோம். நாய் மேல் பயம் என்று சொல்வதில்லை, நாயைக் கண்டால்தான் பயம். பொறாமைக்கு ‘மேல்’, பழக்கத்துக்கு ‘ஓடு’, சம்மதத்துக்கு ‘க்கு’. தமிழ் படிக்க வந்த வெளிநாட்டுக்காரர் காரணம் கேட்டால் நாமும் “காதுக்கு அப்படித்தான் வருது” என்றுதான் சொல்வோம்.

சிக்கல் எங்கே என்றால், நம் வேற்றுமை உருபை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஆங்கிலத்தில் நட்டுவிடுகிறோம். கணக்கில் கெட்டி என்பதால் ‘குட் இன் மேத்ஸ்’. அங்கே வழக்கம் ‘குட் அட்’. அண்ணன் மேல் கோபம் என்பதால் ‘ஆங்ரி ஆன்’. ஆளைச் சொன்னால் ‘வித்’ அல்லது ‘அட்’, விஷயத்தைச் சொன்னால் ‘அபௌட்’. அவரோடு கல்யாணம் என்பதால் ‘மேரீட் வித்’. அது ‘மேரீட் டு’. இந்தத் தப்புகள் எல்லாமே தமிழில் நேராக நிற்கின்றன. ஆகவே சந்தேகம் வரும்போது, ‘இந்த உருபு தமிழிலிருந்து வந்து உட்கார்ந்ததா?’ என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பிழை அங்கேயே மாட்டும்.

‘சீனியர் தேன் மி’ இந்த வகையில் தனிக் கதை. என்னை விட மூத்தவர் என்ற நினைப்பில் ‘தேன்’ வந்துவிடுகிறது. நானே ஒரு காலத்தில் விண்ணப்பத்தில் இப்படி எழுதி, நேர்முகத் தேர்வில் எல்லார் முன்னாலும் அதை வாசித்துக் காட்டும்படி ஆனது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர் ஐந்தும் லத்தீனிலிருந்து வந்தவை. ‘விட’ என்பது அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் ‘தேன்’ வேண்டாம், ‘டு’ போதும். அபூர்வமாக விதி என்று சொல்லும்படி இருக்கும் இடம் இது, பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரே அட்ஜெக்டிவ் பிரிபொசிஷனை மாற்றியதும் வேறு பொருள் காட்டும் இடங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது ‘டயர்ட்’. நாள் முழுக்க நாற்று நட்டவர் ‘டயர்ட் ஃப்ரம் பிளான்டிங்’ என்றால் உடம்பு அலுப்பு; படுத்து எழுந்தால் சரியாகிவிடும். ‘டயர்ட் ஆஃப் பிளான்டிங்’ என்றால் சலிப்பு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார். அலுப்பையும் சலிப்பையும் நாம் தனித்தனிச் சொல்லாக வைத்திருக்கிறோம்; அவர்கள் ஒரு ‘ஃப்ரம்’, ஒரு ‘ஆஃப்’ வைத்து வேலையை முடித்துக்கொள்கிறார்கள்.

‘ஆங்க்ஷஸ்’ஸும் அப்படியே. ஜூன் 12 நெருங்க நெருங்க, மேட்டூர் திறக்குமா, குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று டெல்டா முழுக்கக் கேட்குமே, அந்தக் கவலை ‘ஆங்க்ஷஸ் அபௌட்’. திறந்தாகிவிட்டது, கல்லணையும் தாண்டிவிட்டது, நம் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்ற தவிப்பு ‘ஆங்க்ஷஸ் ஃபார் தி வாட்டர்’. உங்கள் கடிதத்துக்கு வேண்டியது ‘ரெஸ்பான்சிபிள்’. பொறுப்பில் இருக்கும் வேலைக்கு ‘ஃபார்’, யாருக்குப் பதில் சொல்ல வேண்டுமோ அவருக்கு ‘டு’. நீங்கள் கடிதங்களுக்கு ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’, மேலாளருக்கு ‘ரெஸ்பான்சிபிள் டு’.

ஒரு சொல்லின் குடும்பத்தைப் பார்த்து ஊகிக்கலாமா என்றால், ஓரளவுக்குத்தான். ‘டிபென்ட் ஆன்’ தெரிந்தால் ‘டிபென்டன்ட் ஆன்’ வந்துவிடும். ஆனால் அதன் எதிர்ச்சொல்லே ‘இன்டிபென்டன்ட் ஆஃப்’ என்று தனி வழி போகும். ‘ப்ரௌட் ஆஃப்’ என்பவர்கள் ‘ப்ரைட் இன்’ என்பார்கள். ‘ஃபாண்ட் ஆஃப்’ ஆனால் ‘ஃபாண்ட்னஸ் ஃபார்’. அண்ணன் தம்பி ஆளுக்கொரு பங்காளியோடு சேர்ந்துகொண்ட மாதிரி.

சரி, காது எப்படி வரும்? உங்கள் ஊருக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் வலங்கைமானில் 1869-ல் பிறந்த அரசியல் தலைவர் சீனிவாச சாஸ்திரியின் ஆங்கிலத்தைக் கேட்டு வெள்ளைக்காரர்களே ‘வெள்ளி நாக்கு’ என்றார்கள். அது பிறவியில் வந்த காது இல்லை, படித்துப் படித்து வந்தது. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம். இனி ‘ரிச்’ என்று தனியாக எழுதிப் படிக்காதீர்கள். ‘ரிச்-இன்’ என்று ஒரே சொல்லாக, உங்கள் வேலையிலிருந்தே ஒரு வாக்கியத்தோடு குறித்து வையுங்கள். சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் நிறுவனங்களின் கற்போர் அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. சேர்ந்து வரும் பிரிபொசிஷனை அட்ஜெக்டிவுக்குப் பக்கத்திலேயே காட்டியிருப்பார்கள். கூகுளில் ‘ஆங்ரி ஆன்’ என்று போட்டு, இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களே என்று நம்பிவிடாதீர்கள். அதில் நம் ஆட்கள் எழுதியதும் நிறைய இருக்கும்.

பிரிபொசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் ‘இங்’ சேரும்: ‘இன்ட்ரஸ்டட் இன் பையிங்’, ‘கேப்பபிள் ஆஃப் சப்ளையிங்’. ‘அகஸ்டம்ட் டு’வில் இருக்கும் ‘டு’வும் பிரிபொசிஷன்தான், அங்கேயும் ‘சப்ளையிங்’தான். வெவ்வேறு பிரிபொசிஷன் கேட்கும் இரண்டு அட்ஜெக்டிவ் சேர்ந்து வந்தால் ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும்: ‘ஃபமிலியர் வித் அண்ட் ரெஸ்பான்சிபிள் ஃபார் தி ஸ்டாக்’. கொஞ்சம் தடித்த வாக்கியம்தான், முடிந்தால் இரண்டாக உடைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. நகலில் ஐந்தாவதாக ஒரு பிழை இருக்கிறது, மேலாளர் காதுக்கும் தப்பியிருக்கிறது. ‘தி வெரைட்டீஸ் யு ஆர் இன்ட்ரஸ்டட்’ என்று எழுதி நிறுத்தியிருக்கிறீர்கள். இதற்கும் தமிழ்தான் காரணம். ‘அரிவாளால் அறுத்தேன்’ என்போம்; அதையே திருப்பினால் ‘நான் அறுத்த அரிவாள்’. ‘ஆல்’ போன இடம் தெரியாது, யாரும் தேடவும் மாட்டோம். ஆங்கிலத்தில் அப்படிக் கரையாது. வாக்கியத்தைத் திருப்பினாலும் பிரிபொசிஷன் வாலில் தொங்கிக்கொண்டே இருக்கும். ‘தி வெரைட்டீஸ் யு ஆர் இன்ட்ரஸ்டட் இன்’. பிரிபொசிஷனில் வாக்கியம் முடியக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்த ‘இன்’னைச் சேர்த்துவிட்டுக் கடிதத்தை அனுப்புங்கள்.