கமாண்டா, வைட்பாடியா: கடலூர் விமானி ஒருவரின் கேள்வி

கேள்வி: மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த எனக்கு 33 வயது. உள்நாட்டு விமான நிறுவனம் ஒன்றில் ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை விமானியாக) இருக்கிறேன். இதுவரை 3,900 மணி நேரம் பறந்திருக்கிறேன். பேஸ் (பணி தொடங்கி முடியும் ஊர்) சென்னை. இன்னும் 18 மாதங்களில் கமாண்ட் பயிற்சிக்கு, அதாவது கேப்டன் ஆவதற்கான பயிற்சிக்கு, என் முறை வரும் என்கிறார்கள். இந்த நேரத்தில், வைட்பாடி (நீண்ட தூரம் பறக்கும் பெரிய விமானம்) பிரிவுக்கு மாற விருப்பமா என்று நிறுவனம் கேட்டிருக்கிறது. டெல்லி பேஸ், 3 ஆண்டு பாண்டு (அதுவரை விலகுவதில்லை என்ற ஒப்பந்தம்), அங்கும் ஃபர்ஸ்ட் ஆபீசர் பதவிதான். வளைகுடா நிறுவனம் ஒன்றும் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. மனைவி புதுச்சேரியில் வங்கியில் பணிபுரிகிறார், மகளுக்கு 4 வயது, அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் இடத்தில் நான் இருந்தால், கமாண்ட் கிடைக்கும் வரை ஏ320-ஐ விட்டு நகர மாட்டேன். இரண்டு வகை விமானங்களிலும் பறந்து, பயிற்றுநராகவும் இருந்து, இப்போது லாஸ்பேட்டையில் ஓய்வில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இதற்கான காரணங்களை நீங்கள் உங்கள் சூழலோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நம்மில் பலர் வைட்பாடியை ஒரு பதவி உயர்வாகவே நினைக்கிறோம். உறவினர்களும் அப்படியே கேட்கிறார்கள்: "இன்னும் சின்ன விமானம்தானா?" உண்மையில் அது வேறொரு வேலை. ஆண்டுக்கு 750 மணி நேரம் பறப்பதாக வைத்துக்கொள்வோம் (சட்டப்படி உச்ச வரம்பு 1,000 மணி நேரம்). ஏ320-இல் சராசரியாக 2 மணி நேர செக்டர் (ஒரு மேலேற்றம் முதல் தரையிறக்கம் வரையிலான பறப்பு) என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 375 செக்டர்கள் வரும்; அவற்றில் பாதியில் விமானம் உங்கள் கையில் இருக்கும். 11 மணி நேர செக்டர்களில் அதே 750 மணி நேரம் 70 செக்டர்களுக்குள் முடிந்துவிடும். அந்த விமானங்களில் மூன்று அல்லது நான்கு விமானிகள் இருப்பார்கள் என்பதால், தரையிறக்கும் வாய்ப்பு அவர்களுக்குள் பங்கிடப்படும். மாதத்துக்கு இரண்டு தரையிறக்கங்கள் கிடைத்தாலே நல்ல ரோஸ்டர் (பணி அட்டவணை) என்று எண்ணும் நிலை வந்துவிடும். 90 நாட்களுக்குள் 3 முறை மேலேற்றித் தரையிறக்கியிருக்க வேண்டும் என்ற விதியை நிறைவு செய்வதற்காகவே சிமுலேட்டருக்கு (விமானி அறையைப் போன்ற பயிற்சிக் கருவிக்கு) செல்லும் விமானிகளை நீண்ட தூரப் பிரிவில் பார்க்கலாம். ஏ320-இல் இருக்கும் உங்களுக்கு அந்த விதி இருப்பதே நினைவில் இருக்காது.

கை பழகுவதற்கும் தீர்மானம் பழகுவதற்கும் இந்த எண்ணிக்கை முக்கியமானது. ஒரே நாளில் நான்கு செக்டர்கள் பறந்து, மதுரையில் குறுக்குக் காற்றையும், கொச்சியில் தென்மேற்குப் பருவமழையையும், டிசம்பர் டெல்லியின் மூடுபனியையும் மாறி மாறிச் சந்திக்கும் ஃபர்ஸ்ட் ஆபீசர், கேப்டன் அமரும் இடது இருக்கைக்குத் தேவையான பக்குவத்தைத் தாமாகவே பெற்றுக்கொண்டிருக்கிறார். கமாண்ட் பயிற்சிக்கு 18 மாதங்களே இருக்கும்போது அந்தப் பழக்கத்தை அறுத்துக்கொண்டு போவது, நாற்றங்காலில் வேர் பிடித்த பயிரை நடவுக்கு முன்பே பிடுங்குவதைப் போன்றது என்று எனக்குப் படுகிறது.

கணக்கின் இன்னொரு பக்கம் கமாண்டர் மணி நேரம். உங்கள் 3,900 மணி நேரமும் பெரும்பாலும் துணை விமானியாகச் சேர்ந்தவை. ஏ320 கமாண்டராக 1,500 அல்லது 2,000 மணி நேரம் சேர்த்துவிட்டால், இந்தியாவிலும் வெளிநாட்டிலும் எந்த நிறுவனத்தோடும் வேறு நிலையிலிருந்து பேசலாம். கேப்டனாக இருந்துவிட்டு வைட்பாடிக்கு மாறுவோர் அங்கு சில காலம் வலது இருக்கையில் அமர நேர்வதும் உண்டு. ஆனால் அந்த மணி நேரத்தை உங்கள் லாக்புக்கிலிருந்து யாரும் எடுத்துவிட முடியாது. வணிக விமானப் போக்குவரத்தில் 65 வயது வரை பறக்க அனுமதி இருக்கிறது என்பதால் உங்களுக்கு இன்னும் 32 ஆண்டுகள் உள்ளன; அதில் 18 மாதங்கள் சிறு பகுதி. வாய்ப்பு இன்றோடு முடிந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம். ஏர் இந்தியா 2023-இல் அறிவித்த 470 விமானங்களில் ஏ350, 787, 777 ஆகிய வைட்பாடி வகைகள் மட்டும் 70. இண்டிகோ 2024 ஏப்ரலில் 30 ஏ350 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, பிறகு அதை 60 ஆக உயர்த்தியது. இவை வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும், வரும் ஒவ்வொன்றுக்கும் விமானிகள் தேவை.

இருப்பினும், "18 மாதங்கள்" என்று சொன்னவர் யார் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சீனியாரிட்டி பட்டியலில் உங்கள் எண் என்ன, கடந்த 12 மாதங்களில் உங்களுக்கு மேலிருந்த எத்தனை பேர் கமாண்ட் பயிற்சிக்குச் சென்றார்கள் என்ற இரண்டையும் பார்த்தால், ஓய்வறைப் பேச்சு எவ்வளவு, உண்மை எவ்வளவு என்பது விளங்கிவிடும். அந்தக் கணக்கில் 4 அல்லது 5 ஆண்டுகள் என்று வந்தால் என் பதிலும் மாறும். அப்போது வைட்பாடிக்குச் செல்லுங்கள் என்றே சொல்வேன். அப்படிச் செல்வதாக இருந்தால், அங்கு ஃபர்ஸ்ட் ஆபீசராக இருக்கும்போதே ஏ320 கமாண்டுக்கு விண்ணப்பிக்கும் உரிமை தொடருமா, பாண்டு முடியும் வரை அது தடைபடுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி உறுதியை நம்பி மாறி, பட்டியலில் தமக்குக் கீழே இருந்தவர்கள் கேப்டனின் நான்கு பட்டை அணிவதைப் பார்த்துக்கொண்டிருந்த நல்ல விமானிகளை நான் அறிவேன்.

எந்த விமானம் என்பதும் பொருட்படுத்த வேண்டியதே. ஏ350 என்றால், சைடுஸ்டிக்கும் (விமானத்தை இயக்கும் பக்கவாட்டுக் கைப்பிடி) ஏர்பஸ் முறைமைகளும் உங்களுக்குப் பழக்கமானவை என்பதால் மாற்றுப் பயிற்சி குறுகியது. 777 அல்லது 787 என்றால் போயிங் சிந்தனை முறையையே புதிதாகக் கற்க வேண்டும். எதுவாயினும் விமானத்தின் உடலளவு மாறுகிறது. ஏ320-இன் அதிகபட்ச மேலேற்ற எடை சுமார் 78 டன், 777-300இஆர் விமானத்துக்கு 351 டன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே ஏ320-இல் 12.6 மீட்டர், அதில் 31 மீட்டர். முதல் வாரப் பயிற்சியில், பழைய பழக்கத்தில் டாக்ஸிவே (ஓடுபாதைக்குச் செல்லும் தரைவழி) திருப்பத்தில் நான் முன்கூட்டியே திருப்பத் தொடங்கினேன். பயிற்றுநர் உடனே நிறுத்தினார். மூக்கு திருப்பத்தைத் தாண்டி புல்வெளியின் மேல் நிற்கும் வரை காத்திருந்து திருப்பினால்தான் பின்சக்கரங்கள் தளத்தில் இருக்கும் என்பதை அன்று என் உடல் கற்றுக்கொண்டது.

நீண்ட தூரப் பறப்பின் உண்மையான நுட்பம் தரையிறக்கத்தில் இல்லை, நடுவழியில் இருக்கிறது. மேலேறிய ஒரு மணி நேரத்தில் பயணி ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், 777-300இஆர் விமானத்தின் தரையிறங்கும் எடை வரம்பு 251 டன் என்பதால், எவ்வளவு எரிபொருளை வெளியேற்றுவது, எவ்வளவு காத்திருப்பது, எடை மிகுந்த நிலையிலேயே இறங்குவதா என்பதை நீங்கள் நிமிடங்களில் முடிவு செய்ய வேண்டும். ஏ320-இல் எரிபொருளை வெளியேற்றும் வசதியே இல்லை என்பதால் இந்தக் கேள்வி இந்த வடிவில் உங்களுக்கு எழுந்திருக்காது. உயர்ந்த மலைத்தொடரின் மேல் கேபின் அழுத்தம் குறைந்தால் நேரே கீழே இறங்க முடியாது. முன்பே வகுத்த, தப்பிச் செல்லும் வழியில் திரும்பியாக வேண்டும். வடதுருவத்தை ஒட்டிய பாதையில் எரிபொருளின் வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். ஜெட் ஏ எரிபொருள் மைனஸ் 40 டிகிரியிலும், ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரியிலும் உறையத் தொடங்கும். இவை அரிதாக நேர்பவை, ஆனால் ஒவ்வொரு முறையும் தயாராக இருக்க வேண்டியவை. எனக்கு இந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. விடியற்காலையில் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் கடந்த நாட்களை இன்றும் மனதில் வைத்திருக்கிறேன். ஆகவே வைட்பாடி வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்கிறேன்.

இனி உங்கள் வீட்டைப் பற்றி. இந்திய நிறுவனங்களின் நீண்ட தூரப் பறப்பு பெரும்பாலும் டெல்லியையும் மும்பையையும் மையமாகக் கொண்டது. இப்போது சென்னையில் வேலை முடிந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 4 மணி நேரத்தில் வீடு சேர்ந்துவிடுகிறீர்கள். டெல்லி பேஸ் என்றால், இரவெல்லாம் பறந்து காலையில் இறங்கி, சில மணி நேரம் உறங்கி, சென்னைக்கு 3 மணி நேர விமானம் பிடித்து, அதன்பின் கடலூருக்கு வண்டியேற வேண்டும். வாசலுக்கு வாசல் 9 மணி நேரத்துக்குக் குறையாது. வாராந்திர ஓய்வு 2025 ஜூலை முதல் 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்திருக்கிறது என்றாலும், அதில் 18 மணி நேரம் பயணத்திலேயே போய்விடும். நேர மண்டலங்கள் அதிகம் கடந்துவந்தால் கூடுதல் ஓய்வு உண்டு. அந்த நாட்களை ஊருக்கு வர ஒதுக்கலாம். ஆனால் வீட்டிலிருந்து பேஸுக்குச் செல்லும் பயணம் பணி நேரக் கணக்கில் வராது. பயணி இருக்கையில் அமர்ந்து டெல்லி சேர்ந்து, அன்றிரவே 14 மணி நேரப் பறப்பைத் தொடங்குபவர் விதிப்படி ஓய்வெடுத்தவராகவும், உடலளவில் களைத்தவராகவும் இருப்பார். எனவே டெல்லியில் ஓர் அறை கட்டாயம். அதன் வாடகையைக் கழித்துவிட்டுச் சம்பள உயர்வைக் கணக்கிடுங்கள். நம் பகுதியின் வானிலையும் உண்டு. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நாளில் சென்னை விமான நிலையமும் மூடப்பட்டது. அத்தகைய நாட்களில் அம்மாவுக்கு மருந்து வாங்கித் தர யார் பக்கத்தில் இருப்பார்கள் என்பதை மனைவியுடன் அமர்ந்து முடிவு செய்தே தீர வேண்டும்.

உடல்நிலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அம்மாவின் சர்க்கரை நோயைக் குறிப்பிட்டிருப்பதால் சொல்கிறேன். உடற்கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். கிழக்கு நோக்கிய பயணத்தில் அது இன்னும் தடுமாறும். லண்டன் நேரத்துக்கு உடல் பழகத் தொடங்கும்போதே திரும்பி வந்துவிடுவோம். இரவு வேலையும் ஒழுங்கற்ற உறக்கமும் நீரிழிவுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது அறியப்பட்டது. பரம்பரை வாய்ப்பும் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அது மருத்துவச் சான்றையே தொடும் விஷயம். எங்கு பறந்தாலும் ஆண்டுக்கொரு முறை எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) செய்துகொள்ளுங்கள். அதிகாலை 2 மணிக்கு விமானத்தில் தரப்படும் முழுச் சாப்பாட்டை ஒதுக்கப் பழகுங்கள். விமானத்தின் பங்க் படுக்கையில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் உறங்க முடிகிறவரா நீங்கள் என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும் ரயிலின் மேல் பெர்த்தில் உறக்கம் வராதவருக்கு இந்த வேலை கடினம்.

வளைகுடா வாய்ப்பு டெல்லியைவிட உங்களுக்கு ஒரு வகையில் பொருத்தமானது. துபாயிலோ தோஹாவிலோ குடும்பத்தோடு குடியேறினால், ரோஸ்டர் முடியும் இடத்திலேயே வீடு இருக்கும். சென்னைக்கு 4 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரடி விமானங்கள் உண்டு. ஆனால் மனைவி வங்கி வேலையை விட வேண்டியிருக்கும், அம்மாவை மஞ்சக்குப்பத்தில் தனியே விட வேண்டியிருக்கும். இந்த இரண்டுக்கும் விடை கிடைக்காமல் நேர்காணலுக்குச் செல்ல வேண்டாம். கமாண்ட் கிடைத்து இரண்டு ஆண்டுகள் கழித்து, மகள் பள்ளியில் நிலைபெறும் முன்பே, இதே கேள்வியை மீண்டும் எடுப்பது நல்லது.

நாட்கணக்கு ஒன்றையும் கவனத்தில் வையுங்கள். இந்திய விதிப்படி துணை விமானி 6 மாதங்களும், கமாண்டர் ஓராண்டும் நோட்டீஸ் காலத்தில் பணியாற்ற வேண்டும். வளைகுடா நிறுவனத்துக்கு இப்போது மறுப்பு எழுதும்போது, பின்னாளில் மீண்டும் விண்ணப்பிக்க விரும்புவதை அதில் குறிப்பிடுங்கள். கேப்டனான பிறகு அவர்கள் அழைத்தால், சேரும் தேதியை அந்த ஓராண்டையும் கணக்கில் கொண்டே ஒப்புக்கொள்ளுங்கள்.